எதிர்கால அரசுக்கு ஒரு பிட் நோட்டீஸ் எழுதுவது எப்படி

வேலூர் லாங் பஜாரை ஒட்டின ஒரு சந்தில், ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் 22 வருஷமாக டிடிபி போடுகிறேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம், மனை விற்பனை என்று ஊரில் யார் யாருக்கு எதைச் சொல்ல நினைத்தாலும் அது என் கீபோர்டு வழியாகத்தான் போகும். ராத்திரியில் அறிவியல் புனைகதை எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டைப் புல்வெளியில் நாலைந்து பேர் உட்கார்ந்து, எழுதினதைப் படித்துக் காட்டுவோம். மே மாதமென்றால் ஆறரைக்கு மேல்தான், அதற்கு முன்னால் புல்லில் கை வைக்க முடியாது.

போன மாதம் காட்பாடியிலிருந்து வருகிற இன்ஜினியரிங் தம்பி ஒரு கதை படித்தான். வருஷம் 2090. ஊர் நடுவில் அறுபதடித் திரை. அதில் ஒரு தலைவர் தோன்றி, "கீழ்ப்படியுங்கள்! சிந்திக்காதீர்கள்!" என்று கத்துகிறார். மக்கள் மண்டி போடுகிறார்கள். படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"தம்பி, இந்த மேட்டரை எங்க பிரஸ்ஸுக்கு எடுத்துகினு வந்தா ஓனர் அடிக்க மாட்டாரு" என்றேன்.

"ஏங்க்கா, பயமா?"

"பயம் இன்னா பயம். வேஸ்டுன்னுவாரு. 'சிந்திக்காதீங்க'ன்னு எவனாச்சும் காசு குடுத்து நோட்டீஸ் அடிப்பானா?"

"அப்ப எப்டிதாங்க்கா எழுதறது?"

அவனுக்கு அன்றைக்குச் சொன்னதும், பஸ்ஸில் வரும்போது சொல்லாமல் விட்டோமே என்று தோன்றினதும் கீழே. கொடுங்கோல் அரசு, இருண்ட எதிர்காலம் என்று கதை எழுதுகிற எல்லோருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தத் திரையை அணையுங்கள். ஒரு ஆர்டர் ஸ்லிப் எழுதுங்கள். பிரஸ்ஸுக்கு வரும் பார்ட்டியிடம் என்னென்ன கேட்போம்? என்ன சைஸ், எத்தனை காப்பி, எந்தக் கலர் பேப்பர், எப்போது வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு. உங்கள் கதையில் வரும் அரசு அறிவிப்புக்கும் இதையே கேளுங்கள். மேட்டரை யார் எழுதிக் கொடுத்தது? டைப் செய்தது யார்? புரூஃப் பார்த்தவர் எந்த வரியில் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்? விடியற்காலை மூன்று மணிக்கு மைதாப் பசை வாளியை ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு போய் ஒட்டினவருக்கு என்ன கூலி, போன மாதப் பாக்கி வந்ததா? சர்வாதிகாரி எப்படிச் சாப்பிடுவார், எப்படித் தூங்குவார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பசை வாளிக்காரர் நமக்குத் தெரிந்தவர். அவரை வைத்து எழுதினால் கதை பொய் சொல்லாது.

ஜார்ஜ் ஆர்வெல் 1941 முதல் 1943 வரை பிபிசியின் கீழ்த்திசைப் பிரிவில் சம்பளத்துக்கு உட்கார்ந்து, இந்தியாவுக்கு ஒலிபரப்பாகும் பேச்சுகளைத் தயாரித்தவர். போர்க்காலம், தணிக்கை உண்டு. 1949இல் அவர் வெளியிட்ட '1984' நாவலின் நாயகனும் ஒரு குமாஸ்தாதான். பழைய செய்தித்தாளில் வந்ததை இன்றைய தேவைக்கு ஏற்பத் திருத்தி எழுதுவது அவன் வேலை. அந்தப் புத்தகத்தில் எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது போஸ்டரில் வரும் தலைவரின் மீசை வைத்த முகமில்லை, அந்தக் குமாஸ்தாவின் மேசை.

பிரஸ்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி சொல்கிறேன், கதைக்கு உதவும். தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர் பெயர், விலாசம், வெளியிடுபவர் பெயர், விலாசம். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 127ஏ பிரிவு. வெளியிடுபவர் கையெழுத்தும், அவரை நேரில் தெரிந்த இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்தும் போட்ட உறுதிமொழி இரண்டு பிரதி வாங்க வேண்டும், அதில் ஒன்றும் அடித்த நோட்டீஸில் ஒரு காப்பியும் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். தேர்தல் வந்தால் இந்தக் காகிதம் சேகரிப்பதே எனக்குப் பாதி வேலை. எரிச்சலாக இருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு வாக்கியத்துக்கு அப்பன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கிற சட்டம் அது. உங்கள் எதிர்கால ஊரில் அந்தப் பொடி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். எடுத்ததை வாசகரிடம் சொல்லிக் காட்டாதீர்கள். நோட்டீஸை முழுசாகக் கதையில் போட்டு, அடியில் வெற்றிடம் விடுங்கள். கவனித்தவர் கவனிக்கட்டும்.

அடுத்தது மேட்டர். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் பிரச்சாரம் என்றால் பொய் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்காருகிறார்கள்.

என் கதையையே சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலனியில் வாடகைக்கு இருந்தேன். எந்தக் காலனி என்று கேட்காதீர்கள். காலனி சங்கத்துக்குச் சொந்த போர்வெல், சொந்த டேங்க். ஒரு நாள் சங்கத்துக்காரர் ஒருவர் பிரஸ்ஸுக்கு வந்து, துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: "மோட்டார் எரிந்துவிட்டது. திங்கள் முதல் மூன்று நாள் தண்ணீர் வராது." டைப் செய்து புரூஃப் கொடுத்தேன். எடுத்துப் போனவர் அரை மணியில் திரும்பி வந்தார். 'மோட்டார் எரிந்துவிட்டது' வேண்டாமாம், பராமரிப்புக் கணக்கைக் கிளறுவார்களாம். "பழுது காரணமாகத் திங்கள் முதல் மூன்று நாள் தண்ணீர் விநியோகத்தில் தடங்கல் ஏற்படலாம்" என்று மாற்றினேன். சாயங்காலம் மறுபடி வந்தார். இந்த முறை பேனாவால் முழுசாக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "சீரான குடிநீர் விநியோகத்தை உறுதி செய்யும் பொருட்டு, திங்கள் முதல் மேம்பாட்டுப் பணிகள் நடைபெற உள்ளன. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

போட்டுக் கொடுத்தேன். மஞ்சள் பேப்பர், 200 காப்பி. வீட்டுக்கு வந்தேன், கேட்டில் அதே நோட்டீஸ் ஒட்டியிருந்தது, எழுத்து வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சமைத்தேன். திங்கட்கிழமை காலையில் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. வீட்டில் ஒரு குடம்கூட நிரப்பி வைக்கவில்லை. மூன்று தடவை டைப் செய்தவள் நான்! கையில் முதல் மேட்டர் வந்து போயிருக்கிறது. மூன்றாவது மேட்டர் அதை என் மண்டையிலிருந்து துடைத்து எடுத்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மூன்றாவது நோட்டீஸில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்பதைப் பாருங்கள். மேம்பாட்டுப் பணி நடந்தது, புது மோட்டார் போட்டார்கள், அதற்கப்புறம் சீராகவும் வந்தது. 'வராது' என்ற சொல்லை மட்டும் காணோம். நீங்கள் எழுதும் அரசும் இப்படித்தான் எழுத வேண்டும். மெய்யான நாலு வாக்கியம், காணாமல் போன ஒரு சொல். எந்தச் சொல் காணாமல் போயிற்று என்பதை எழுதுகிறவர் ஒரு தனித் தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கதை முழுக்க ஒரு பாத்திரம் அந்தச் சொல்லைத் தேடி அலையலாம்.

இதற்குத் தமிழே நிறைய வசதி செய்து கொடுக்கிறது. 'வீடுகளை இடித்தார்கள்' என்று எழுதினால், யார் என்று கேட்பார்கள். 'வீடுகள் இடிக்கப்பட்டன' என்றால் அந்தக் கேள்வி பாதியாகக் குறையும். 'ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன' என்றால் இப்போது வீட்டையே காணோம். 'ஏரிக்கரை சீரமைப்புப் பணி நிறைவு' என்றால் வினைச்சொல்லும் போய்விட்டது, நடந்தது ஒரு பெயர்ச்சொல்லாகிப் பேனரில் ஏறிவிட்டது. நாலு படி. உங்கள் கதையில் நடக்கும் பெரிய அநியாயத்தை எடுத்துக்கொண்டு இந்த நாலு படியிலும் எழுதிப் பாருங்கள். பிறகு முதல் பக்கத்தில் நாலாவது படியை வையுங்கள். பாத்திரம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசியில் யாரோ ஒருவர் வாய்விட்டு 'இடித்தார்கள்' என்று சொல்கிற இடத்துக்கு வரட்டும். கதைக்குத் தனியாகத் திருப்பம் தேட வேண்டியிருக்காது.

'நாம்', 'நாங்கள்' விஷயம் இன்னும் ருசியானது. பல மொழிகளில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், நமக்கு இரண்டு. மைக் கட்டின ஆட்டோவில் வருகிற அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். பாரம் சுமக்கிற வரியில் 'நாம்' வரும்: நாம் சிக்கனமாக இருப்போம், நாம் பொறுத்துக்கொள்வோம். அதிகாரம் இருக்கிற வரியில் 'நாங்கள்' வரும்: நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நாங்கள் முடிவு செய்வோம். ஒரே அறிவிப்புக்குள் கேட்கிறவரை உள்ளே இழுத்து வெளியே தள்ளிவிட முடியும். நான் எழுதிய ஒரு கதையில் பத்து வருஷமாக எல்லாவற்றுக்கும் 'நாம்' என்றே பேசிவந்த ஒலிபெருக்கி, ஒரு நாள் ராத்திரி அறிவிப்பில் வாய்தவறி 'நாங்கள்' என்றுவிடும். அதைக் கேட்டு விழித்துக்கொள்வது ஒரு தமிழ் வாத்தியார் இல்லை, தூக்கம் வராமல் படுத்திருந்த ஒரு பீடி சுற்றும் அம்மா. வாத்தியாரை வைத்தால் அவர் விளக்கவுரை பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. வாக்கியத்துக்கு வாக்கியம் 'பட்டது', 'படும்' போட்டு நிரப்பிவிடாதீர்கள். ஆபீஸ் தமிழ் மட்டுமே பேசுகிற அரசை எவரும் நம்ப மாட்டார்கள். "அன்பான தாய்மார்களே, வெயில்ல குழந்தைங்கள வெளிய அனுப்பாதீங்க" என்று அக்கறையாகவும் பேச வேண்டும். அந்த அக்கறை நிஜமாகவும் இருக்க வேண்டும்.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மே மாதம் தமிழ்நாட்டுக் கணக்கில் வேலூர் பெயர் மேலேயேதான் இருக்கும். 40 டிகிரியைத் தாண்டினால்கூட யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2071இல் ஊர் இன்னும் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எழுத்தாளர் என்ன செய்வார்? அரசு 47 டிகிரியை 38 என்று பொய் சொல்வதாக எழுதுவார். மொட்டை மாடியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்தால் அந்தப் பொய் செத்தது. என் அரசு டிகிரியையே விட்டுவிடும். அதற்குப் பதிலாக 'இத எண்' என்று ஒன்று வரும், ஒன்றிலிருந்து பத்து வரை. "இன்றைய இதம் ஏழு." ஏழு நல்லதா கெட்டதா? நேற்று ஆறு, அதனால் இன்று தேவலை. யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை. பத்து வருஷம் போனால், டிகிரி என்று சொல்கிற கிழவரைப் பார்த்துப் பேரன் சிரிப்பான். கொடுக்கிற எண்ணைத் திருத்துவதைவிட அளவுகோலை மாற்றுவது சுலபம், நிலைக்கவும் செய்யும். தண்ணீருக்கு, கூலிக்கு, வயசுக்கு என்று உங்கள் கதைக்கு ஏற்ற அளவுகோல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

பெயர் மாற்றத்தை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்வேன். எதிர்காலக் கதை என்றாலே ஊருக்கெல்லாம் 'மண்டலம் 7' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் பெயர் அப்படியா மாறுகிறது? வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்து இந்தப் பாதி வட ஆற்காடு அம்பேத்கர் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. இது எதுவும் சூழ்ச்சியில்லை, நிர்வாகம். ஆனாலும் எங்கள் பெரியம்மா இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை மேட்டர் சொல்லும்போது 'வடார்க்காடு ஜில்லா' என்றுதான் ஆரம்பிக்கும். உங்கள் கதையிலும் பழைய பெயரைச் சொல்கிற வாய் ஒன்று இருக்கட்டும். ஒரு மாவட்டப் பெயரே இவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதென்றால், அரசு தடை செய்த சொல் எத்தனை அடுப்பங்கரையில் ஒளிந்திருக்கும் யோசியுங்கள்.

இன்னொரு மாதிரி பெயர் மாற்றம் உண்டு. நாங்கள் உட்கார்ந்து கதை படிக்கிற இதே கோட்டைக்குள் 1806 ஜூலை 10ஆம் தேதி விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை போடச் சொன்னதும், நெற்றிக்குறியையும் கடுக்கனையும் எடுக்கச் சொன்னதும், தாடியில் கை வைத்ததும் உடனடிக் காரணங்கள். வெள்ளைக்காரர் ஏட்டில் அது 'கலகம்'. இப்போது நம் வாயில் 'புரட்சி'. 2006இல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால்தலையே வந்தது. விழா நோட்டீஸுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பார்ட்டி வந்து, ஒருவர் 'சிப்பாய்க் கலகம்' என்றும் ஒருவர் 'சிப்பாய்ப் புரட்சி' என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நடந்தது ஒன்று, செத்தவர்கள் அதே ஆட்கள். எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அந்தப் பக்கம் கோட்டை திரும்பிக்கொள்கிறது. உங்கள் எதிர்காலத்தில் ஒரு சம்பவத்துக்கு இரண்டு சொல் வையுங்கள். யார் எதைச் சொல்கிறார் என்பதிலேயே யார் எந்தப் பக்கம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

திரும்பத் திரும்பச் சொல்வதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஒலிபெருக்கி ஒரே வாக்கியத்தை நூறு தடவை கத்தும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எங்கள் ஊர்ச் சொலவடையைப் பாருங்கள்: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். (கடைசியில் பெண்களைப் பற்றியும் ஒன்று சேர்ப்பார்கள். அதை நான் டைப் செய்ய மாட்டேன்.) கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமி இல்லாமல் இருந்தது நிஜம்தான், லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981இல் கொண்டுவந்து வைத்தாயிற்று. நான் சின்னப் பிள்ளையாக அந்தக் கோயிலில் கும்பிட்டு, பிரசாதம் வாங்கித் தின்றுகொண்டே 'சாமியில்லாத கோயில்' என்று சொல்லியிருக்கிறேன். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் புரண்டது, பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவர் டீக்கடையில் 'நம்பூர்ல தண்ணியில்லாத ஆறு' என்கிறார். எந்த அரசும் இதைக் கத்தவில்லை. எதுகை மாதிரி அடுக்கு, ஒரு சிரிப்பு, ஊர்ப் பெருமையில் ஒரு சிட்டிகை. 1977இல் அமெரிக்காவில் மூன்று உளவியல்காரர்கள் சோதித்துப் பார்த்தார்கள்: ஏற்கெனவே காதில் விழுந்த வாக்கியத்தை, அது பொய்யானாலும், மக்கள் அதிகமாக நிஜம் என்று மதிப்பிட்டார்கள். ஆகவே உங்கள் அரசுக்கு முழக்கம் எழுதாதீர்கள், சொலவடை எழுதுங்கள். பாட்டி பேத்தியிடம் சொல்கிற மாதிரி. அதைச் சொல்லிக்கொண்டே கதாபாத்திரம் அதற்கு நேர்மாறான காட்சியைக் கடந்து போகட்டும்.

அழிப்பதைப் பற்றி எழுதும்போது விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். என்ன விளிம்பு? சோவியத் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியா 1953இல் சுடப்பட்டார். (பாருங்கள், எனக்கும் 'பட்டார்' வந்துவிட்டது.) சோவியத் பெரிய கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் அவரைப் பற்றி நீளமான கட்டுரை ஏற்கெனவே அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டது. என்ன செய்வது? சந்தாதாரர்களுக்குப் புதுப் பக்கங்களை அனுப்பி, பழைய பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டியெடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளும்படி எழுதினார்கள். புதுப் பக்கங்களில் பெரிங் கடலைப் பற்றி விலாவாரியாக இருந்தது. ஒரு மனிதன் இருந்த இடத்தை நிரப்பக் கடல் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது அந்த பிளேடு. வேலையை வாசகர் கையிலேயே கொடுத்தார்கள். அப்படியும் வெட்டின பக்கத்தில் ஒரு விளிம்பு நின்றிருக்கும், பசை மடிப்பில் தாள் தடித்திருக்கும், நாற்பது வருஷம் கழித்து ஒரு விரல் அதில் இடறும். காகிதம் அப்படி. எங்கள் சந்து முனையில் ஒரு சுவர் இருக்கிறது, போஸ்டர் மேல் போஸ்டராக அரை விரல் கனத்துக்கு ஏறிவிட்டது. மழையில் ஊறி ஒரு மூலை உரிந்தால் கீழே மஞ்சள், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒருத்தர் காது மட்டும். பசையில் மைதா இருப்பதால் மாடு வந்து நக்கிக் கிழிக்கும். நேற்றைய தலைவரை இன்றைக்கு மாடு வெளியே கொண்டுவரும். கணினிக் கோப்பில் திருத்தினால் இந்த விளிம்பு கிடையாது, மாடும் கிடையாது. எனவே எல்லாமே திரையில் நடக்கிற எதிர்காலத்தை எழுதுகிறீர்களென்றால், மிச்சம் எங்கே தங்கும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். போண்டா மடித்த காகிதம், பழைய நைலான் பையில் அச்சான துணிக்கடை விலாசம், தறிக்காரர் ஞாபகத்தில் இருக்கிற பாவுக் கணக்கு. அந்த மிச்சம் இல்லாவிட்டால் உண்மை எப்படி வெளியே வந்தது என்பதற்கு, கடைசி அத்தியாயத்தில் ஒரு ஹேக்கர் வருவார். தயவு செய்து அந்த ஹேக்கரைக் கூப்பிடாதீர்கள்.

எதிர்ப்பவர்களுக்கும் ஒரு வழி வேண்டுமே. தணிக்கைக்காரர் எந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டாரோ அங்கே வையுங்கள். 1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடிநிலை வந்தது, செய்திக்கெல்லாம் தணிக்கை. 28ஆம் தேதி ஒரு நாளிதழ் தலையங்க இடத்தை வெள்ளையாகவே விட்டது. அந்த நாட்களிலேயே பம்பாயில் ஓர் ஆங்கில நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் இரங்கல் அறிவிப்பு ஒன்று வந்தது: டி. ஈ. எம். ஓ'கிரசி காலமானார், டி. ரூத்தின் அன்புக் கணவர், எல். ஐ. பெர்ட்டியின் தந்தை. இங்கிலீஷில் சேர்த்துப் படித்தால் ஜனநாயகம் செத்துவிட்டது, மனைவி பெயர் உண்மை, பிள்ளை பெயர் சுதந்திரம். தலையங்கத்தைத் துருவினவர் சாவு விளம்பரத்தைப் பார்க்கவில்லை. மாதம் முப்பது கண்ணீர் அஞ்சலி போடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பிழைகூட யாரும் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் ஒரு ரகசியப் படையின் பட்டியலையே கொடுத்துவிடலாம். இந்தக் கதையை யாராவது எழுதுங்கள், எனக்கு நேரமில்லை.

கருவிக்கு வருகிறேன், அறிவியல் புனைகதை என்றால் அது வேண்டுமே. 1933இல் ஜெர்மனியில் 'மக்கள் வானொலி' என்று ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை 76 மார்க், மற்றப் பெட்டிகளைவிட மலிவு. மாடல் எண் 301. ஹிட்லர் பதவிக்கு வந்த ஜனவரி 30ஐக் குறிக்க. ஏற்புத்திறன் குறைந்த பெட்டி, தூர தேசத்து நிலையங்கள் லேசில் எட்டாது. கடையில் வரிசையில் நின்று சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். உங்கள் 2071இன் கருவியும் அப்படித்தான் வீட்டுக்குள் வர வேண்டும், பாட்டுக் கேட்க, மருந்து நேரம் சொல்ல, மலிவாக.

ஆனால் வானொலியிலும் என் நோட்டீஸிலும் ஒரு நல்ல குணம் உண்டு: எல்லோருக்கும் ஒரே மேட்டர். ஆயிரம் காப்பியில் எதை எடுத்தாலும் அதே எழுத்து, இரண்டு பேர் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இனிமேல் ஆளுக்கு ஒரு நோட்டீஸ் வரும். குடியாத்தத்தில் ஒரு வீடு. அப்பா லுங்கித் தறி, மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனி. அப்பா போனில் "விசைத்தறிக்குத் தடையில்லா மின்சாரம்" என்று வருகிறது. மகன் போனில் "தொழிற்சாலைகளுக்கே மின்சாரத்தில் முன்னுரிமை" என்று வருகிறது. ராத்திரி சாப்பிடும்போது சண்டை. "நான் பாத்தேன்டா!" "நானுந்தாம்பா பாத்தேன்!" போனை எடுத்துக் காட்டினால் செய்தி போய்விட்டது, படித்ததும் மறைகிற வகை. சோறு ஆறுகிறது. இந்த ஒரு காட்சிக்கு அறுபதடித் திரை பத்தும் ஈடாகாது. மகன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறான், அம்மா யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருக்கிறாள். அங்கே நிறுத்துங்கள்.

எழுதி முடித்ததும் சோதனை. கதையைக் காட்டாதீர்கள். நோட்டீஸை மட்டும் தனியாக எடுத்து, கதை படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். சிரித்தால் நீங்கள் கேலி எழுதியிருக்கிறீர்கள், பயந்தால் சினிமா வசனம் எழுதியிருக்கிறீர்கள். நான் என் இத எண் நோட்டீஸை இப்படிப் போட்டேன்:

பொதுமக்கள் கவனத்திற்கு
வரும் திங்கள் முதல் வெப்பநிலைக்குப் பதிலாக இத எண் அறிவிக்கப்படும். நாம் அனைவரும் எளிதில் புரிந்துகொள்ளும் வகையில் இம்மாற்றம் செய்யப்படுகிறது. வீட்டில் உள்ள பழைய வெப்பமானிகளைக் கொண்டுவந்து ஒப்படைப்போருக்கு மோர் பாக்கெட் வழங்கப்படும்.
ஒத்துழைப்புக்கு நன்றி.

இளம்பச்சைப் பேப்பர், அடியில் பிரஸ் பெயர் போடவில்லை. ஒரே ஒரு காப்பி எடுத்து, எங்கள் சந்து டீக்கடை மாஸ்டரிடம் நீட்டினேன். மத்தியானம் ஒரு மணி, அவர் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. நிதானமாகப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"அக்கா, நம்மகிட்ட அந்த மானி இல்லியே. மோர் குடுக்க மாட்டாங்களா?"

கதைக்காக எழுதினது என்று சொல்வதற்குள் பார்சல் கேட்டு ஆள் வந்துவிட்டார். மறுநாள் போனால் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. உரித்தேன். மேல்பாதி வந்தது, அடிவரி பசையோடு சுவரிலேயே நின்றுவிட்டது, 'ஒத்துழைப்புக்கு நன்றி'. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. போன வாரம் டீ விலை ஏறினதும் மாஸ்டர் அதன் மேலேயே புதுப் பட்டியலை ஒட்டினார். நான்தான் அடித்துக் கொடுத்தேன்.